கடலட்டை: சின்னதை விடுவதா, பெரிசை விடுவதா, பாதியை விடுவதா?

1. வேலணைக்காரி

வீட்டில் மூன்று நாளாக ஒரே சண்டை. அதைக் கொண்டுவந்து இங்கே கொட்டுகிறேன்.

சித்தப்பா இங்கே யாழ்ப்பாணக் கடலில் அட்டைத் தொழில் செய்கிறவர். அவர் இளந்தாரியாக இருந்த காலத்தில் முழங்கால் தண்ணீரில் நடந்தே வெள்ளை அட்டை பொறுக்கினார்களாம். இப்போது இரவில் சிலிண்டர் கட்டிக்கொண்டு ஐந்து பாகம், ஆறு பாகம் (ஒரு பாகம் ஆறடி) இறங்குகிறார். போன கிழமை அவர் கொண்டுவந்த வாளியை எட்டிப் பார்த்தேன். அடியில் இரண்டு என் முன்கை நீளத்தில் கிடந்தன. மிச்சமெல்லாம் கத்தரிப்பிஞ்சு அளவு.

"சின்னதுகளை விட்டிருக்கலாமே சித்தப்பா" என்றேன். "நான் விட்டால் பின்னால் வருகிறவன் எடுப்பான்" என்றார். கம்பஸில் படிக்கிற மச்சான், பாதியை எடுத்துப் பாதியை விட்டால் கடல் தானாக நிரப்பும், அதற்குக் கணக்கே இருக்கிறது என்கிறான். அப்பம்மாவோ, "பெரிய தாய் அட்டையை விடுங்கோ, அதுதான் விதைநெல்லு" என்று ஒரே பிடியாக நிற்கிறார். இதில் யார் சொல்வது சரி?

2. கணக்குப்பிள்ளை

நான் மச்சான் பக்கம். அந்தக் கணக்கு பழையது. 1838 இல் வெர்ஹுல்ஸ்ட் என்ற பெல்ஜியக்காரர் எழுதியது. ஓர் இடத்தில் உயிர்கள் மிகக் குறைவாக இருந்தால் பெருக ஆளில்லை. இடம் நிரம்பிவிட்டால் சாப்பாடும் இடமும் போதாது, அப்போதும் பெருக்கம் நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவில், அந்த இடம் தாங்கக்கூடியதில் பாதி இருக்கும்போதுதான் ஆண்டுக்கு ஆண்டு சேர்கிற எண்ணிக்கை மிக அதிகம். அந்தச் சேர்க்கையை மட்டும் எடுத்தால் முதல் அப்படியே இருக்கும், வட்டி கிடைத்துக்கொண்டே இருக்கும். 1954 இல் ஷேஃபர் இதை மீன்பிடிக்குப் பொருத்திக் காட்டினார். உலகம் முழுக்க மீன்பிடி முகாமை இதை வைத்துத்தான் வளர்ந்தது.

3. சுழியோடி

தம்பி, வட்டி கணக்கு நல்லாத்தான் இருக்கு. முதல் எவ்வளவு என்று யார் எண்ணினது? பாதி என்றால் எதில் பாதி? வெள்ளை அட்டை பகலில் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். மேலே இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கோடுதான் தெரியும், பழகாத கண்ணுக்கு அதுவும் தெரியாது. பதினெட்டு வருஷமாக இறங்குகிறேன், எங்கள் பாட்டில், அதாவது நாங்கள் தொழில் செய்கிற கடற்பரப்பில், எத்தனை இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைத் தொழிலுக்குள் இருக்கிறவன்தான் சொல்ல முடியும். எங்கள் பிடி பல வருஷமாகக் குறையவே இல்லை. வெளியிலிருந்து பார்க்கிறவன் கடல் நல்லாத்தான் இருக்கிறது என்று நினைப்பான். நாங்கள் செய்தது என்ன? ஒரு இடத்தை வழித்துத் துடைத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போனோம். இரண்டு பாகத்தில் முடிந்ததும் நாலு பாகம். மூச்சுப் பிடித்து முடியவில்லை என்றதும் சிலிண்டர். கரையை அடையாளம் பார்த்துப் போனது போய் ஜிபிஎஸ் வந்தது. வெள்ளை அட்டை அரிதானதும் முன்பு காலால் தள்ளிவிட்ட நூலட்டையைக்கூட வாளியில் போட்டோம். வாளி நிறைந்தது. கடல் நிறைந்திருந்ததால் இல்லை.

4. பழைய வாத்தி

சுழியோடித் தம்பி சொன்னது மீன்வளப் படிப்பில் பெரிய தலையிடி. பிடியை வைத்து இருப்பை மதிப்பிடுகிறவர்கள் விழுகிற குழி அது. நான் இருபத்தாறு வருடம் விலங்கியல் படிப்பித்தவன். இந்த ஒரு பந்தியை வகுப்பில் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் மூன்று பாடவேளை மிச்சம்.

கணக்குப்பிள்ளை, உங்கள் வளைவு பிழையில்லை. ஆனால் அதற்குள் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது. எவ்வளவு குறைந்தாலும் மிச்சம் இருப்பவை தம் பங்குக்குப் பெருகும் என்று அது வைத்துக்கொள்கிறது. அட்டைக்கு அது பொருந்தாது. அட்டை இணை சேர்வதில்லை. ஆண், பெண் தனித்தனி, வெளியிலிருந்து பார்த்து எது எது என்று சொல்லவும் முடியாது. காலம் வந்ததும் ஆண் உடம்பின் முன்பாதியைப் பாம்பு மாதிரி நிமிர்த்தி, மெல்ல ஆடியபடி விந்தைத் தண்ணீரில் விடும். அதை உணர்ந்து பெண் முட்டைகளை விடும், இலட்சக்கணக்கில். மிச்சம் தண்ணீரின் பாடு. சில மீட்டர் தள்ளிப் போனாலே விந்து கரைந்து ஐதாகிவிடும். பக்கத்தில் ஆண் இல்லாத பெண் பத்து இலட்சம் முட்டை விட்டாலும் பலன் பூச்சியம்.

ஆகவே ஆயிரம் அட்டை ஒரு குடாவில் இருக்கிறதா என்பதை விட, அவை நெருங்கிக் கிடக்கின்றனவா, சிதறிக் கிடக்கின்றனவா என்பதுதான் கேள்வி. கல்யாண வயதுப் பெடியன்களும் பெட்டைகளும் ஊரில் இருக்கிறார்கள், ஆனால் வீட்டுக்கு வீடு பத்து மைல் என்றால் எப்படி இருக்கும்? இதற்கு அலீ விளைவு என்று பெயர். அலீ என்ற அமெரிக்க உயிரியலாளர் 1930களில் எடுத்துக் காட்டியது. அட்டைகளுக்கு எக்டயருக்கு 10 முதல் 50 வரையாவது இருக்க வேண்டும், இனத்துக்கு இனம் மாறும் என்று ஆய்வாளர்கள் ஒரு மட்டுமதிப்பு வைக்கிறார்கள். அதற்குக் கீழே போனால், தடை போட்டுவிட்டுக் காத்திருந்தாலும் திரும்பி வருவது சந்தேகம்.

5. நாவாந்துறையான்

அட்டையை விடுங்கோ. எங்கள் நீல நண்டை எடுத்துப் பாருங்கோ. முப்பது வருஷமாகப் பிடிக்கிறோம், இன்னும் வருகுதே?

6. பழைய வாத்தி

வருகிறதற்குக் காரணம் இருக்கிறது. நண்டு ஒரு வருடத்துக்குள் பருவத்துக்கு வந்துவிடும். மூன்று வயதைத் தாண்டுவது அபூர்வம். ஆண் நண்டு நடந்து திரிந்து பெட்டை நண்டைத் தேடிப் பிடிக்கும், அது தோட்டை, அதாவது மேல் ஓட்டை, கழற்றுகிற நேரம் பார்த்துச் சேரும். ஒரு முறை சேர்ந்தால் பெட்டை அந்த விந்தைச் சேமித்து வைத்து ஒன்றுக்கு மேற்பட்ட முறை சினை கட்டும். தண்ணீரை நம்பியிருக்கிற அட்டைக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. அதனால் நண்டு அடி தாங்கும். அடி தாங்கும் என்றுதான் சொல்கிறேன், எந்த அடியையும் தாங்கும் என்று சொல்லவில்லை.

7. நாவாந்துறையான்

ஓம் மாஸ்டர், அது உண்மை. வலை எடுக்கும்போது சினை நண்டு நிறைய வருகிற காலம் ஒன்று உண்டு. வயிற்று மடலைத் திறந்தால் சினை செம்மஞ்சளாக இருந்தால் அது புதுசு. கறுத்துப் போயிருந்தால் இன்றைக்கோ நாளைக்கோ பொரிக்கிற சினை. கறுத்ததை என் தகப்பன் வலையிலிருந்து கழற்றிக் கடலில் போடுவார். இரக்கம் என்று நினைத்திருந்தேன். கறுத்த சினை நண்டுக்குச் சதை குறைவு, வாங்குகிறவன் விலையைக் குறைப்பான் என்று பிறகுதான் விளங்கியது.

ஆனால் தங்கூசி (ஒற்றை இழை நைலோன்) வலையில் சிக்கின நண்டைக் காலை உடைக்காமல் கழற்றுவது பெரிய வேலை. இருட்டில், குளிரில், நூற்றுக்கணக்கில் இருந்தால் ஒருவனும் மெனக்கெடமாட்டான். சட்டத்தில் தங்கூசி தடை என்று எழுதியிருக்கிறது. எந்தத் துறையிலும் போய்ப் பாருங்கோ.

8. பனங்கொட்டை

கடல் ஆட்களுக்கு நடுவில் ஒரு பனைக்காரன் நுழைகிறேன், கோவிக்க வேண்டாம். வேலணைக்காரியின் கேள்வி சின்னதா பெரிசா என்பது. அதற்குப் பனை நல்ல பதில் சொல்லும்.

ஒரு வடலிக் காணியில் விழுகிற பனங்கொட்டைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தைப் பொறுக்கிப் பாத்தி போட்டுக் கிழங்காக்கித் தின்றாலும் அந்தத் தோப்புக்கு ஒன்றும் ஆகாது. அந்தக் கொட்டைகளில் அநேகம் எப்படியும் மாடு மிதித்தோ காய்ந்தோ சாகப் போகிறவைதான். ஆனால் காய்க்கிற பெண்பனை ஒன்றைத் தறித்தால், அந்த இடத்தை இன்னொன்று பிடிக்கப் பன்னிரண்டு, பதினைந்து வருடமாவது வேண்டும். சண்டைக் காலத்தில் பங்கருக்கு வெட்டின பனைகளின் இடைவெளி சில ஊர்களில் இன்னும் பல்லுப்போன வாய் மாதிரித் தெரிகிறது. நூறு கிழங்கு தின்றவனை விட ஒரு மரம் தறித்தவன்தான் தோப்பைக் குறைத்தவன்.

அதனால் என் வாக்கு அப்பம்மாவுக்கு.

9. கணக்குப்பிள்ளை

பனங்கொட்டை அண்ணை, அப்படிப் பார்த்தால் சித்தப்பா கத்தரிப்பிஞ்சு அட்டைகளை எடுப்பதும் சரி என்றாகிவிடுமே?

10. பனங்கொட்டை

பிடிச்சிட்டீர். இல்லை, கத்தரிப்பிஞ்சு கொட்டை இல்லை, அது வடலி, இளம்பனை. ஆபத்தான வயதைத் தாண்டி நின்றுகொண்ட பிள்ளை. வடலியைத் தறிக்கிறவனும் குற்றவாளிதான். அட்டையில் கொட்டைக்குச் சமம் அந்தத் தண்ணீரில் மிதக்கிற முட்டைகள். அதை எடுக்க ஒருவராலும் முடியாது, அதனால் யாரும் எடுப்பதில்லை.

11. பழைய வாத்தி

அருமை. முட்டையிலிருந்து வந்த குஞ்சு ஏறத்தாழ இரண்டு கிழமை மிதந்து, பிறகு சாதாழை என்ற கடற்புல்லின் இலையில் ஒட்டி, அதன்பிறகு மண்ணுக்கு இறங்கும். அந்தத் தூரம் வந்து சேர்வது இலட்சத்தில் ஒன்றிரண்டு. கத்தரிப்பிஞ்சு என்றால் அந்தப் பரீட்சையில் சித்தியடைந்த அட்டை, ஆனால் இன்னும் ஒரு தடவைகூட முட்டை விடாதது. பருவத்துக்கு வர ஏறத்தாழ இரண்டு வருடம் வேண்டும். அதைப் பிடிப்பது நட்டம் மேல் நட்டம். அவித்துக் காயவைத்தால் பச்சை நிறையில் இருபதில் ஒரு பங்குதான் மிஞ்சும். பிஞ்சு அட்டையில் என்ன மிஞ்சப் போகிறது?

12. மண்டைதீவுக் காற்று

எல்லாரும் நாகரிகமாகக் கதைக்கிறீர்கள். இழுவைப்படகைப் பற்றி ஏன் ஒருவரும் வாய் திறக்கவில்லை? நாங்கள் ஒரு அட்டையைச் சின்னதா பெரிசா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருப்போம். அவர்கள் ஒரே இரவில் அடிமடியைப் போட்டு முட்டை, குஞ்சு, சாதாழை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போவார்கள். அக்கரையில், தமிழ்நாட்டில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. அந்த இரண்டு மாதம் கடலுக்குப் போய்ப் பாருங்கோ, கடல் வேறு மாதிரி இருக்கும். ஜூன் 15 விடிந்ததும் எங்கள் வலைகள் கிழியத் தொடங்கும். இங்கே 2017 இல் இழுவைமடியைச் சட்டம் போட்டே தடுத்தார்கள். அது எங்களுக்குத்தான் தடை.

13. சுழியோடி

காற்று அண்ணை, இழுவைமடி போன தடத்தில் நான் இறங்கியிருக்கிறேன். உழுத வயல் மாதிரி, சாதாழை வேரோடு புரண்டு கிடக்கும். உங்கள் கோபத்தில் ஒரு சொல்லும் பிழையில்லை. ஆனால் இழுவைப்படகு வராத, பாறை கிடக்கிற இடங்களிலும் வெள்ளை அட்டை முடிந்துவிட்டது. அதை முடித்தது நாங்கள். அதை அவர்கள் கணக்கில் எழுத முடியாது.

14. மண்டைதீவுக் காற்று

சரி, விடுங்கோ. அக்கரையில் 2001 முதல் அட்டை பிடிப்பதற்கே முழுத் தடை. அங்கே பெருகிவிட்டதா?

15. பழைய வாத்தி

தடை இருக்கிறது, கடத்தலும் இருக்கிறது. மூட்டை மூட்டையாகப் பிடிபடுகிற செய்தி மாதம் தவறாமல் வருகிறதே. ஒரே பாக்கு நீரிணை, அக்கரையில் எடுத்தால் சிறை, இக்கரையில் அனுமதிப்பத்திரம் இருந்தால் தொழில். அட்டைக்கு எல்லைக்கோடு தெரியாது, வியாபாரிக்கு நன்றாகத் தெரியும்.

16. பனிக்குள் பருத்தித்துறை

ரொறன்ரோவிலிருந்து. இங்கே நடந்த ஒரு கதை. நியூஃபவுண்லாந்துக் கரையில் கொட் மீன் ஐந்நூறு வருடமாகப் பிடிபட்டது. கணக்குப்பிள்ளையின் கணக்கு மாதிரி, விஞ்ஞானிகள் ஆண்டுதோறும் அளவு சொல்ல, அரசாங்கம் ஒதுக்கீடு போட்டுத்தான் பிடித்தார்கள். பெரிய கப்பல்கள் மீன் கூடுகிற இடத்தைத் தேடிப் போய்ப் பிடித்ததால் அவற்றின் பிடி குறையவில்லை. அதைப் பார்த்து மீன் நிறைய இருக்கிறது என்று கணித்தார்கள். கரையோரச் சிறு படகுக்காரர்கள் மீன் இல்லை, வருகிறதும் சின்னதாக இருக்கிறது என்று கத்தினார்கள், ஒருவரும் எடுக்கவில்லை. 1992 ஜூலையில் தொழிலையே மூடினார்கள். இரண்டு வருடத்துக்கு என்றுதான் சொன்னார்கள். திரும்ப வணிக மீன்பிடி என்று திறந்தது 2024 இல், அதுவும் கொஞ்ச அளவுக்கு. நான் இங்கே வந்து முதல் வேலை செய்த தொழிற்சாலையில், அந்தக் கரையிலிருந்து வேலை தேடி வந்த ஒருவர் பக்கத்து மேசை. மதியச் சாப்பாட்டுக்கு அவர் மீன் கொண்டுவந்ததை நான் பார்த்ததே இல்லை.

சுழியோடி எழுதியதை வாசித்ததும் அந்த மனுசன்தான் ஞாபகம் வந்தார்.

17. கணக்குப்பிள்ளை

நான் தோற்றுப்போக வரவில்லை 😄 ஆனால் ஒதுக்கீட்டை ஒழுங்காகப் போட்டால்?

18. பழைய வாத்தி

போட்டுப் பார்ப்போம், பேனை எடுங்கள். ஒரு குடா ஆயிரம் அட்டை தாங்கும். ஐதாக இருக்கும்போது ஆண்டுக்கு நூற்றுக்கு நாற்பது வீதம் பெருகும் என்று வைப்போம். பாதியில், 500 இல் நிற்கும்போது ஆண்டுச் சேர்க்கை 100. எனவே ஒதுக்கீடு 100. எல்லாம் சுகம்.

ஒரு வருடம் மழை கூடி, களப்பில் உப்பு குறைந்து 350 ஆகிவிட்டது. அலுவலகத்துத் தாளில் ஒதுக்கீடு இன்னும் 100. இப்போது சேர்வது 91, எடுப்பது 100. அடுத்த வருடம் 341. அதற்கடுத்தது 331. ஐந்து வருடம் கழித்தும் 291 இருக்கும், யாருக்கும் பயம் வராது. பத்தாம் வருடம் 164. பதின்மூன்றாம் வருடம் ஒதுக்கீட்டை நிரப்ப அட்டையே இல்லை. கடைசி மூன்று வருடத்தில்தான் எல்லாரும் கூட்டம் வைப்பார்கள். இதில் அலீ விளைவைச் சேர்க்கவே இல்லை, சேர்த்தால் இன்னும் முந்தி முடியும்.

எண்ணிக்கையாக இல்லாமல் பங்காக, இருப்பதில் ஐந்தில் ஒன்று என்று எடுத்தால்? 500 இல் அதே 100 தான். 350 ஆனால் 70 எடுக்கிறீர்கள், 91 சேர்கிறது, குடா ஏறத் தொடங்கும். கணக்கு ஒன்றுதான், கையை வைக்கிற விதம்தான் வேறு. 1977 இல் லார்கின் என்ற கனேடிய மீன்வள அறிஞர், அதிகபட்ச நிலைத்த அறுவடை என்ற இந்த எண்ணத்துக்கே கல்லறை வாசகம் எழுதினார். கொட் மூடப்படுவதற்குப் பதினைந்து வருடம் முன்பு.

பிரச்சினை என்னவென்றால் ஐந்தில் ஒன்று எடுக்க ஐந்து எது என்று தெரிய வேண்டும். திரும்பவும் சுழியோடியின் முதல் கேள்வி.

19. மண்டைதீவுக் காற்று

அந்தக் காலத்தில் எண்ணத் தேவையில்லை மாஸ்டர். சோளகம், அந்தத் தென்மேல் காற்று, எழும்பினால் வள்ளம் இறங்காது, கடல் தானாகப் பூட்டிக்கொள்ளும். இப்போது மோட்டரைக் கொழுவிக்கொண்டு காற்றுக்குள்ளேயும் போகிறார்கள்.

20. வேலணைக்காரி

பண்ணை அட்டை வந்தால் கடல் அட்டைக்கு ஓய்வு கிடைக்கும் என்கிறார்களே?

21. நாவாந்துறையான்

எங்கள் களப்பில் பண்ணை வேலி போட்ட பிறகு சிறகுவலை போடுகிற இடம் சுருங்கிவிட்டது, அதைச் சொல்லாமல் இருக்க மாட்டேன். பண்ணைக்காரர் பொரிப்பகக் குஞ்சைக் கொண்டுவந்து விட்டு, விலைக்கு வந்ததும் அள்ளுகிறார். அது கோழிப்பண்ணை மாதிரி. கோழிப்பண்ணை வைத்தால் காட்டுக்கோழி கூடுமா?

22. பழைய வாத்தி

முழுக்க அப்படியும் இல்லை. நெருக்கமாக வளர்கிற அட்டை அறுவடைக்கு முன் முட்டை விட்டால், அந்தக் குஞ்சுகள் வேலிக்கு வெளியேயும் போகும். அறுவடையைக் கொஞ்சம் தள்ளிப்போட்டால் பண்ணையே தாய்ப்படுக்கை. விலை ஏறியிருக்கும்போது தள்ளிப்போடுகிறவர் யார் என்பது வேறு கதை. இதற்குத் தனி இழை போடுங்கள், இங்கே தொடங்கினால் சண்டையில் முடியும்.

23. சுழியோடி

சங்கைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் படுக்கப் போகிறேன். 70 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் குறைந்த சங்கை ஏற்றுமதி செய்யக்கூடாது என்று சட்டம். அதனால் வாங்குகிறவர் வளையத்துக்குள் விட்டுப் பார்ப்பார், விழுந்தால் சின்னது. அது நல்ல வழி, ஓடு சுருங்காதே. அட்டையைத் தொட்டால் சுருங்கும், தண்ணீரைக் கக்கினால் நிறை மாறும், எந்த அளவுகோலும் நிற்காது.

ஒருமுறை மண்ணில் சங்குப்பூ, அதுதான் சங்கின் முட்டைக்கூடு, பார்த்தேன். ஆட்டுக்கொம்பு மாதிரி முறுக்கி, அறை அறையாக, தோல் போல ஒரு சாமான். கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அறைகளுக்குள் அரிசி அளவில் சங்குகள், முழுச் சங்குகள், சுருளெல்லாம் சரியாக. இது அட்டைக் குஞ்சு மாதிரி மிதந்து போகாது, பொரித்த இடத்திலேயே ஊரும். அதனால் ஒரு பாட்டில் சங்கை முழுக்க எடுத்தால் பக்கத்துப் பாட்டிலிருந்து சட்டென்று வந்து நிரப்பாது. எடுத்த இடத்திலேயே திரும்ப மண்ணில் குத்தி வைத்துவிட்டு வந்தேன். மற்றவன் மிதித்தானோ தெரியாது.

24. வேலணைக்காரி

எல்லாவற்றையும் சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பதின்மூன்று வருடக் கணக்கை மட்டும் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். "நாங்கள் இப்ப எத்தினையாம் வருஷம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பிறகு சாப்பிட்டுக்கொண்டே இன்னொன்று சொன்னார். ஓரிடத்தில் பழைய வலைகளும் இரும்பும் சிக்கிக் கிடப்பதால் யாரும் இறங்குவதில்லையாம். அந்த ஓரத்தில் இரவில் வெளிச்சம் அடித்தால் பெரிய அட்டைகள் நெருங்கிக் கிடக்குமாம். இடத்தை எழுத மாட்டேன். அப்பம்மா அதைக் கேட்டுவிட்டு, "அது கோயில் காணி எண்டு நினைச்சுக்கொள்ளு" என்றார். சித்தப்பா ஒன்றும் பேசவில்லை, மறுக்கவும் இல்லை.

மாஸ்டர், எண்ணுவதென்றால் எப்படி எண்ணுவது?

25. பழைய வாத்தி

நூறு மீட்டர் கயிறு ஒன்றை அடியில் நேராக விரியுங்கள். கயிற்றுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்குள் கிடப்பதை மட்டும் எண்ணுங்கள். அது 200 சதுர மீட்டர். ஐம்பது கயிறு சேர்ந்தால் ஓர் எக்டயர். ஐம்பதும் போட வேண்டாம், பல இடங்களில் பத்துப் போட்டு வந்த தொகையை ஐந்தால் பெருக்குங்கள். அட்டை உள்ள இடமாகப் பார்த்துப் போடக்கூடாது, கண்ணை மூடிக்கொண்டு போட வேண்டும். இரவில்தான் எண்ண வேண்டும். இல்லாத கயிற்றுக்குப் பூச்சியம் எழுத மறக்க வேண்டாம், எல்லாரும் அதைத்தான் மறக்கிறார்கள்.

26. சுழியோடி

என்னிடம் கயிறு இருக்கு. வெள்ளி இரவு காற்று இல்லை என்றால் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு துறைக்கு வாங்கோ தங்கச்சி, வள்ளத்தில் இடம் இருக்கு. கொப்பியும் பென்சிலும் நீங்கள் கொண்டுவர வேண்டும். பேனை வேண்டாம், நனைந்தால் எழுதாது.